கீரிப்பிள்ளை சொல்லிக் கொடுத்த புஸ்வாணம்

சிவகாசியில் பட்டாசுப் பெட்டிகளுக்கு லேபிள் வரைந்துதான் பிழைப்பைத் தொடங்கினேன். பிறகு பள்ளிக்கூட வாத்தியார். பிறகு சென்னையில் பொம்மலாட்டம், கார்ட்டூன்களுக்குத் தமிழ் வசனம், கடைசியாகத் தொலைக்காட்சியில் ஞாயிற்றுக்கிழமைக் குழந்தைகள் நிகழ்ச்சி. அதில் என் வலது கைதான் கீரிப்பிள்ளை. கையில் மாட்டும் துணிப் பொம்மை. நான் திரைச்சீலைக்குப் பின்னால் இருப்பேன். என் முகம் ஒருநாளும் வந்ததில்லை. வேண்டாமென்று எறிந்த பொருள்களில் விளையாட்டுச் சாமான் செய்ய அந்தக் கீரி வாராவாரம் கற்றுக்கொடுக்கும்.

ஒரு தீபாவளிக்கு எங்கள் ஊர் வழக்கத்தை எடுத்துக்கொண்டேன். மறுநாள் காலை தெருவில் வெடிக்காமல் கிடக்கும் வெடிகளைப் பொறுக்கி, உடைத்து, மருந்தைக் காகிதத்தில் கொட்டிக் கொளுத்துவோம். புஸ்ஸென்று எரியும். எங்களுக்கு அது கடலை உடைத்துத் தின்பதுபோல. வேறு ஊர்க்காரன் பயந்திருப்பான். மருந்து வாசத்தில் வளர்ந்த எனக்குப் பயம் தோன்றவே இல்லை. கீரி சிரிக்கச் சிரிக்கச் செய்து காட்டியது.

விருதுநகரில் என் தங்கை மகள் அப்போது மூன்றாம் வகுப்பு. கீரி செய்ததை அப்படியே செய்தாள். வலது கையில் இரண்டு விரல்கள் வெந்து ஒட்டிக்கொண்டன. கீரிதான் சொல்லுச்சு என்று ஆஸ்பத்திரியில் அழுதாள். தங்கை என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. நானும் வாய் திறக்கவில்லை. அடுத்த ஞாயிறு மறுபடி கீரியை மாட்டிக்கொண்டேன்.

அந்த நிகழ்ச்சி நின்று எத்தனையோ காலமாயிற்று. ஆனால் அந்தக் காட்சியை யாரோ பதிந்து வைத்திருக்கிறார்கள். தீபாவளி வந்தால் போன் போனாகச் சுற்றுகிறது. அதை அழிக்க என்னால் முடியாது. அதே கீரி வந்து மாற்றிச் சொன்னால்தான் பிள்ளைகள் கேட்கும் என்று முடிவு செய்தேன். தங்கை மகள் இப்போது காரியாபட்டிப் பக்கம் டீச்சர். போனில் விஷயத்தைச் சொன்னேன்.

"மன்னிப்புக் கேக்கவா வாறீக மாமா? அதுக்குன்னா வீட்டுக்கு வாங்க, காப்பி தாரேன். பிள்ளைகளுக்குச் சொல்லன்னா பள்ளிக்கூடத்துக்கு வாங்க."

பள்ளிக்கூடத்துக்கே போனேன். வகுப்பில் குறுக்கே வேட்டியைத் திரையாகக் கட்டி, பின்னால் உட்கார்ந்தேன். வயசாகி என் குரல் உடைந்துபோயிருந்தது. பிள்ளைகளுக்கு அதுவே வேடிக்கை. வெடிக்காத வெடியைத் தொடக் கூடாது, பெரியவர்களைக் கூப்பிட்டுத் தண்ணீர் ஊற்றச் சொல்ல வேண்டும் என்றது கீரி.

முன்வரிசையில் ஒரு சிறுமி எழுந்தாள். "ஏலே கீரி, போன்ல நீதான உடைச்சுக் கொளுத்துன? இப்ப மாத்திப் பேசுற?"

வகுப்பே சிரித்தது. அப்போது நான் சின்னக் கீரி, விவரம் தெரியாது என்று சொல்லித் தப்பித்திருக்கலாம். வாய்வரை வந்துவிட்டது. வேட்டி ஓரமாகத் தங்கை மகள் தெரிந்தாள். ஒட்டிய விரல்களுக்கும் கட்டைவிரலுக்கும் நடுவே சாக்பீஸைப் பிடித்தபடி நின்றிருந்தாள்.

கீரியைக் கழற்றிவிட்டு, வேட்டியை விலக்கி முன்னால் வந்தேன்.

"கீரிக்கு ஒண்ணும் தெரியாது. சொல்லிக் கொடுத்தது நான்தான். தப்பாச் சொல்லிக் கொடுத்தேன். ஒரு பிள்ளைக்குக் கை வெந்துபோச்சு."

"எந்தப் பிள்ளைக்கு?" என்றாள் அந்தச் சிறுமி.

தங்கை மகள் சாக்பீஸைக் கீழே வைத்துவிட்டு, வருகைப் பதிவுக்குத் தூக்குவதுபோல வலது கையைத் தூக்கினாள்.

"எனக்கு."

அவளே ஒரு வாளித் தண்ணீரை இழுத்து வந்து என் முன்னால் வைத்தாள். கீரியை எடுத்து நீட்டினாள். "மாட்டுங்க மாமா. சொன்னா மட்டும் போதுமா, செஞ்சு காட்டணும்ல?" தன் போனையும் எடுத்துப் படம் பிடிக்கத் தயாரானாள்.

அடுத்தது மல்லாங்கிணறு பள்ளிக்கூடம், அதன் பிறகு வெம்பக்கோட்டை. தீபாவளிக்குள் போய்விட வேண்டும். குறுக்கே திரையாக வேட்டி கட்டுவதை விட்டுவிட்டேன்.