பெரியப்பாவின் தோட்டா அச்சுகள்

எங்கள் வீட்டுப் புளிப்பானையில் புளி வழக்கத்தைவிட ஜாஸ்தியாகக் குறைகிறது என்று அம்மா கண்டுபிடித்தபோது எனக்கு ஒன்பது வயது. அம்மாவிடம் சந்தேகத்துக்குப் பஞ்சமே கிடையாது. பால்காரர் கையைக் கழுவிக்கொண்டு வந்தால்கூட எதற்குக் கழுவினார் என்று யோசிப்பாள். இந்தமுறை அவள் கண் விழுந்தது மாடி அறையில் இருந்த பெரியப்பாமீது.

பெரியப்பா என் அப்பாவின் அண்ணன். பட்டாளத்திலிருந்து ஓய்வு பெற்று வந்தவர், கல்யாணம் செய்துகொள்ளாதவர். உரிமம் பெற்ற கைத்துப்பாக்கி ஒன்று அவரிடம் இருந்தது. அவ்வப்போது மெட்ராஸ் போய் அங்கே ஒரு கிளப்பில் குறி பார்த்துச் சுட்டுவிட்டு வருவார். சினிமா கிடையாது, சீட்டு கிடையாது, அது ஒன்றுதான் அவருடைய கொண்டாட்டம். போய்விட்டு வந்த அன்று மட்டும் மாடிப்படியில் சீட்டியடித்துக்கொண்டே ஏறுவார்.

புளி குறைந்த நேரம்தான் சரியில்லை. அடி அண்ணாமலையில் கிரிவலப் பாதையை ஒட்டி எங்களுக்குப் பொதுவில் நிலம் இருந்தது. அப்பா விற்கலாம் என்றார். பெரியப்பா முடியாது என்றார். கூடத்தில் நின்று இரண்டு பேரும் தெருவுக்கே கேட்கும்படி கத்திக்கொண்டார்கள். அதே வாரத்தில் அம்மா புளிப்பானையைப் பார்த்தாள். இரண்டையும் சேர்த்து முடிச்சுப் போட அவளுக்கு அதிக நேரம் ஆகவில்லை.

நேராக அவரையே கேட்டிருக்கலாம். ஆனால் கணவனின் அண்ணனோடு முகம் பார்த்துப் பேசும் வழக்கம் எங்கள் வீட்டில் இல்லை. அவர் கூடத்துக்கு வந்தால் அம்மா சமையலறைக்குள் போய்விடுவாள். சாப்பாடு தயார் என்பதிலிருந்து கரண்டு பில் வந்திருக்கிறது என்பது வரை எல்லாம் என் மூலமாகத்தான் மாடிக்குப் போகும்.

"மேல போய் இன்னா பண்றாருனு பாத்துட்டு வா. நான் கேட்டேன்னு சொல்லாத."

போனேன். பெரியப்பா தரையில் உட்கார்ந்து, சுட்டுத் தீர்ந்த தோட்டாக்களின் பித்தளைக் குப்பிகளைப் புளித் தண்ணீரில் போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தார். கோயில் குத்துவிளக்கு மாதிரி பளபளத்தன. கீழே வந்து பார்த்ததைச் சொன்னேன். அப்பாவோடு சண்டை போட்டவர் தோட்டா தேய்க்கிறார் என்றதும் அம்மா அடுப்பை அணைத்துவிட்டு உட்கார்ந்துவிட்டாள்.

அதன்பிறகு அம்மா சொல்லிக்கொடுத்த கேள்விகளோடு தினமும் எனக்கு மாடியில் வேலை இருந்தது. கிளப்பில் தோட்டா கிடைப்பது கம்மியாகிவிட்டதால் பழைய குப்பிகளையே மறுபடி நிரப்பப் பெரியப்பா ஆசைப்பட்டார். அதற்கு சர்க்கார் அனுமதி வேண்டும் என்று வேங்கிக்காலில் கலெக்டர் ஆபீசுக்கு நடையாய் நடந்துகொண்டிருந்தார். அனுமதி வருவதற்குள் அச்சையாவது தேர்ந்தெடுத்துவிட வேண்டும் என்று அவருக்கு அவசரம். வெளிநாடு போய் வந்த கிளப் நண்பர் ஒருவர், பார்த்துவிட்டுச் சொல்லுங்கள் என்று இரண்டு பெட்டி அச்சுகளைக் கொடுத்திருந்தார். ஒரு நாள் பெரியப்பா இரண்டையும் என் முன்னால் திறந்து வைத்தார்.

"சுட்டதும் குப்பி வயிறு உப்பிக்கும். இந்த அச்சுக்குள்ள வுட்டு அமுக்கினா பழைய அளவுக்கு வந்துடும். இது வெறும் இரும்பு. ஒவ்வொரு தபாவும் குப்பிக்கு எண்ணெய் தடவணும், அப்புறம் தொடைக்கணும். அந்த இன்னொரு அச்சுக்குள்ள ஒரு வளையம் இருக்கு பாரு, அதுக்கு எண்ணெயே வேணாம். எத வெச்சுக்கலாம், சொல்லு."

என்னிடம் அதுவரை யாரும் எதற்கும் யோசனை கேட்டதில்லை. தீபாவளிப் பாவாடையைக்கூட அம்மாதான் எடுப்பாள். இரண்டு அச்சையும் கையில் வாங்கிக் கனம் பார்த்தேன். முறுக்கு அச்சுக்குள் பார்ப்பதுபோல் ஒரு கண்ணை மூடிக்கொண்டு உள்ளே பார்த்தேன். வளையம் வைத்ததே நல்லது, எண்ணெய் மிச்சம் என்றேன். பெரியப்பா வாய்விட்டுச் சிரித்தார். சிரித்து முடித்ததும் மெதுவாகக் கேட்டார்.

"உங்கம்மா ராத்திரில தூங்கறாங்களா?"

இந்தக் கேள்விக்கு என்ன சொல்ல வேண்டும் என்று அம்மா எனக்குச் சொல்லித் தரவில்லை. அதனால் உள்ளதைச் சொல்லிவிட்டேன்.

"எங்க தூங்குது பெரியப்பா? உங்க ரூம்ல எதனா சத்தம் கேட்டா எழுந்து குந்திக்கும். அப்பா படுக்க வந்ததும் ரூம் கதவுக்கு ரெண்டு தாப்பாளும் போட்டுடும்."

பெரியப்பா அச்சுகளை ஒவ்வொன்றாகத் துடைத்துப் பெட்டியில் வைத்து மூடினார். நான் தேர்ந்தெடுத்ததையும் சேர்த்துத்தான் மூடினார். அடுத்தமுறை மெட்ராஸ் போனபோது இரண்டு பெட்டிகளும் அவரோடு போயின. திரும்பி வந்தவர் கையில் ஒன்றுமில்லை, சீட்டியும் அடிக்கவில்லை.

பிறகு தேர்தல் வந்தது. தேர்தல் நேரத்தில் உரிமம் வைத்திருப்பவர்கள் எல்லோரும் துப்பாக்கியைப் போலீஸ் ஸ்டேஷனில் ஒப்படைக்க வேண்டும், முடிந்ததும் போய் வாங்கிக்கொள்ளலாம். பெரியப்பாவும் ஒப்படைத்தார். தேர்தல் முடிந்த பிறகு ஒரு நாள் என்னைக் கூப்பிட்டார்.

"துப்பாக்கிய நான் திரும்ப வாங்கப் போறதில்ல. வேணாம்னு எழுதிக் குடுத்துட்டேன்" என்றவர், மாடிப்படியைக் காட்டி, "சரி, கீழ போ" என்றார்.

எனக்கு அழுகையாக வந்தது. யோசனை கேட்டுவிட்டு, நான் சொன்னதை ஒதுக்கி, அச்சைத் திருப்பிக் கொடுத்து, இப்போது துப்பாக்கியும் வேண்டாமாம். சின்னப் பெண் என்று என்னை வைத்து விளையாடியிருக்கிறார் என்றே நினைத்தேன். அவரோடு பேசுவதை நிறுத்திவிட்டேன். அந்த அவமானத்தை வெளியே சொல்லவும் மனம் வரவில்லை.

நான் கேட்ட கேள்விகள் எல்லாம் யாருடையவை என்று அவருக்குத் தெரிந்திருந்தது. என்னைக் கூப்பிட்டு அவர் சொன்னது எனக்கான செய்தியே இல்லை. மாடிக்கும் சமையலறைக்கும் அத்தனை சேதி சுமந்த எனக்கு அது மட்டும் அப்போது விளங்கவில்லை. அன்று நான் கீழே இறங்கி வந்தபோது அம்மா அரிசி களைந்துகொண்டிருந்தாள்.

"இன்னாடி சொன்னாரு?" என்றாள்.

"ஒண்ணுமில்ல" என்றேன். அன்றைக்கும் அம்மா இரண்டு தாழ்ப்பாளையும் போட்டாள்.