நாறாத கார்பைடு

என் சித்தப்பா கேஸ் வெல்டர். கார்பைடுக் கல்லைத் தண்ணீரில் போட்டு, கிளம்பும் அசிட்டிலின் வாயுவை எரித்து இரும்பை ஒட்டுவது தொழில். கல்லின் தரத்தை அளக்க அவரிடம் இருந்த ஒரே கருவி மூக்கு. அழுகிய பூண்டு மாதிரி நாறினால் முதல் தரம். நாறாவிட்டால் ஏமாற்று வேலை.

பட்டறைக்கும் சமையலறைக்கும் நடுவே ஒரே சுவர். அந்த முதல் தரம் சோற்றிலும் தலையணையிலும் ஏறியிருந்தது. ஊர் ஊராகச் சுற்றிவிட்டு நான் அங்கே தங்கப் போன அன்று சித்தி தீர்ப்பு சொல்லிவிட்டார்: "ஏங்க, ஒண்ணு இந்த நாத்தம் போகணும், இல்ல நான் என் தம்பி வீட்டுக்குப் போகணும்."

கார்பைடு விற்பவரே அந்தத் தம்பிதான். அக்கா குடும்பம் கலைய வேண்டாமென்று சுத்தமான சரக்கை அவரே கொண்டுவந்து இறக்கினார். உண்மையில் அசிட்டிலினுக்கு வாசம் குறைவு. கல்லில் கலந்திருக்கும் கால்சியம் பாஸ்பைடு என்ற அழுக்கு, தண்ணீர் பட்டதும் பாஸ்பீன் வாயுவாகிறது. பெரும்பாலும் நாறுவது அதுதான். சித்தப்பா இத்தனை வருஷமாக மெச்சியது அழுக்கை.

இதைச் சொன்னேன். "நாலு ஊர் பார்த்தவ, நீ சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்றார். கேட்கப் போவதில்லை என்று பொருள்.

வாளித் தண்ணீரில் ஒரு கல்லைப் போட்டார். குமிழ் குமிழாகப் பொங்கியது. குனிந்து முகர்ந்தார்.

"மாப்ளே, வெறுங்கல்ல என் தலையில கட்டிட்டியா? இது பத்தவே பத்தாது, பாரு."

"அத்தான், முகத்தை எடுங்க."

தீக்குச்சியைக் கிழித்தார். மஞ்சள் சுவாலை எழுந்து, புருவம் இரண்டையும் வாங்கிக்கொண்டு, பதிலுக்குக் கரியைக் கொடுத்துவிட்டு அடங்கியது.

"இப்பவாவது நம்புறீங்களா?" சித்தி ஈரத்துணியை நீட்டினார்.

"பத்துச்சு, இல்லேங்கல. நாத்தம் எங்க? நாறாத சரக்க வச்சு மனுஷன் தொழில் பண்ண முடியுமா? மாப்ளே, பழசையே அனுப்பு."

தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்பவர்கள் எல்லா ஊரிலும் உண்டு. நாலாவது கால் முகத்தில் உதைத்த பிறகும் மூன்று என்றவர் இவர் ஒருவர்தான்.

மறுநாள் மைத்துனர் பழைய ரக டிரம்மை வண்டியில் கொண்டுவந்து இறக்கினார். சித்தப்பா ஒரு துண்டை எடுத்து, அதன்மேல் துப்பி, கண்ணை மூடி முகர்ந்தார்.

"இதான்டி சரக்கு. வந்து மோந்து பாரு."

சித்தி பெட்டியை மடியில் வைத்தபடி வண்டியின் முன்சீட்டில் உட்கார்ந்திருந்தார்.

"எடுடா வண்டிய" என்றார் தம்பியிடம்.