யோசனைக்குப் பூ கட்டிப் பார்த்தோம்

குறை சொன்னால் டீ போட வேண்டும். எங்கள் அலுவலகத்தில் எழுதி ஒட்டாத சட்டம் அது ஒன்றுதான். அங்கே அதிகம் டீ போட்டவள் நான். என் வாய் அப்படி.

அலுவலகம் என்றால் பிள்ளையார்பாளையத்தில் ஒரு வீட்டு மாடி. பக்கத்து வீட்டில் தறி ஓடும் சத்தத்துக்கு மேலே குரலை உயர்த்தித்தான் பேச வேண்டும். கீழே முதலாளியின் குடும்பம். முதலாளி என்று அவரை யாரும் கூப்பிட்டதில்லை, அண்ணன்தான். சென்னையில் பெரிய கம்பெனியில் புரோகிராம் எழுதியவர். இருட்டோடு கம்பெனி பஸ் ஏறி இருட்டோடு இறங்கியவர். மகளை விழித்திருக்கும்போது பார்த்தது ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும்தான் என்பார். அது பொறுக்காமல் வேலையை உதறிவிட்டு வந்து சொந்த ஊரில் இதைத் தொடங்கினார். ஜவுளிக்கடைகளுக்கு வெப்சைட் செய்து கொடுத்தோம். பிறகு கடைக்காரர்கள் எல்லாவற்றையும் வாட்ஸ்அப்பிலேயே முடித்துக்கொள்ள ஆரம்பித்தார்கள், எங்களுக்கு வேலை வற்றியது.

"நம்மளா ஒண்ணு செஞ்சாவணும்பா. ஒண்ணே ஒண்ணுக்குத்தான் தெம்பு இருக்குது. அதுவும் நிக்கலன்னா நான் மஸ்கட்டு போவ வேண்டிதுதான்" என்றார் அண்ணன். அங்கே அவருடைய சிநேகிதர் ஒருவர் வேலைக்குக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தார். அதைக் கேட்டதும் அவர் மனைவி, எங்கள் அண்ணி, கணக்கு நோட்டை மூடிவைத்துவிட்டுக் கீழே இறங்கிப் போய்விட்டார்.

யோசனை பிடிப்பதற்கு முறைகள் உண்டு. கம்பெனியில் கற்றுக்கொண்டதை அண்ணன் எங்களுக்குப் பழக்கினார். வாயைத் திறக்காமல் ஆளுக்கொரு தாளில் எழுதி, பக்கத்து ஆளிடம் தள்ளிவிட வேண்டும். அவர் அதன் கீழே தனக்குத் தோன்றியதைச் சேர்ப்பார். எவ்வளவு கிறுக்குத்தனமாக இருந்தாலும் எழுதலாம், யாரும் குறை சொல்லக்கூடாது. டீ சட்டம் இதற்காகத்தான் வந்தது. இன்னொன்று, கேள்வியைத் தலைகீழாகக் கேட்பது. வாடிக்கையாளரை எப்படிச் சந்தோஷப்படுத்தலாம் என்று கேட்காமல், எப்படி வயிறெரிய வைக்கலாம் என்று கேட்டுப் பார்ப்பது. அண்ணி, கணக்கும் போனும் பார்ப்பவர், டக்கென்று சொன்னார்: "அரக்கு கலர் பொடவ கேட்டவங்களுக்கு ரத்தச் செவப்புல அனுப்பி வெச்சா போதும். கல்யாணமே நின்னுடும்."

சிரித்தோம். ஆனால் அதுதான் எங்களுக்குக் கிடைத்த முதல் உருப்படியான யோசனை. போன் படத்தில் நிறம் ஒவ்வொரு திரையிலும் ஒவ்வொரு மாதிரி தெரிகிறது. அதைச் சரிசெய்து, சாயம் போட்ட நூல் மாதிரியோடு பொருத்திக் காட்டும் மென்பொருள். இரண்டாவது யோசனை அண்ணனுடையது. திருவிழா நாட்களில் சாமி எந்தத் தெருவில் வருகிறது, எந்தத் தெரு அடைத்திருக்கிறது என்று போனில் காட்டும் செயலி.

தேர்ந்தெடுக்க ஓட்டு வைத்தோம். அண்ணியின் ஸ்டிக்கர் பொட்டு அட்டையிலிருந்து ஆளுக்கொரு பொட்டைப் பிய்த்து, பிடித்த தாளில் ஒட்டினோம். நானும் அண்ணியும் நிறத்துக்கு. அண்ணனும், புதிதாகச் சேர்ந்திருந்த தம்பியும் சாமி ஊர்வலத்துக்கு. இந்தத் தம்பி, அண்ணன் எதில் ஒட்டினாலும் அதில்தான் ஒட்டுவான்.

இந்த இடத்தில்தான் வாய்ச்சண்டை போட்டிருக்க வேண்டும். யோசனை சேர்க்கும்போது குறை சொல்லக்கூடாது, ஒன்றைத் தேர்ந்தெடுக்கும்போது குறை சொல்லியே தீர வேண்டும். முறையின் மறுபாதி அது. நான் புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு தயாராகத்தான் இருந்தேன். ஆனால் புருஷனுக்கு எதிரே பொட்டு ஒட்டிவிட்டது அண்ணிக்கு உறுத்தியிருக்கும் போல. "எதுக்கு சண்ட? அம்மங்கிட்ட பூ கட்டிப் பாத்துடலாம்" என்றார். அண்ணன் முகத்தில் அப்பாடா என்று ஒரு தெளிவு.

எங்கள் பக்கம் வரன் முடிக்கவும், கிணறு வெட்டவும், ஆபரேஷனுக்கு நாள் குறிக்கவும் பூ கட்டிப் பார்ப்பார்கள். வெள்ளிக்கிழமை காலை தெருக்கோடி அம்மன் கோயிலுக்குப் போனோம். வெள்ளைப்பூ வைத்து ஒரு பொட்டலம், சிவப்புப்பூ வைத்து ஒரு பொட்டலம். வெள்ளை என்றால் ஊர்வலம், சிவப்பு என்றால் நிறம். பூசாரி குலுக்கி அம்மன் காலடியில் போட்டார். குழந்தைதான் எடுக்க வேண்டும் என்பது வழக்கம். அண்ணன் மகள் பள்ளிச் சீருடையோடு வந்திருந்தாள். குனிந்தாள், எடுத்தாள். வெள்ளை.

அதற்குப் பிறகு அந்தச் செயலியைக் குறை சொல்ல அந்த மாடியில் ஆள் இல்லாமல் போனது. அண்ணி தினமும் கணினிக்கு விபூதி வைத்தார். பங்குனியில் ஒரு சின்ன உற்சவத்தில் சோதித்துப் பார்க்க என்னை அனுப்பினார்கள். சந்நிதித் தெருவில் கூட்டத்தில் நசுங்கிக்கொண்டு நின்றேன். அத்தனை பேர் கையிலும் போன், சிக்னல் திணறியது. என் திரையில் வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. சாமி என் எதிரே வந்து, தீபாராதனை ஆகி, திரும்பியும் போய்விட்டது. வட்டம் நிற்கவில்லை. பக்கத்தில் ஒரு அம்மாள், "மேளம் கேக்கிது இல்ல, அப்புறம் என்னாத்துக்கு போன பாத்துக்கினு நிக்கிற?" என்றார்.

திரும்பி வந்து உள்ளதை உள்ளபடி சொன்னேன். கூட்டம் கூடும் நாளில் இது வேலை செய்யாது, கூட்டம் கூடாத நாளில் இது தேவையே இல்லை. செயலியை வெளியிட வைத்திருந்த வைகாசித் திருவிழாவுக்கு இன்னும் காலம் இருக்கிறது, இப்போதே நிறத்துக்கு மாறிவிடலாம்.

"அம்மன் குடுத்ததும்மா அது. அதுல போயி குத்தம் பாக்கலாமா?" என்றார் அண்ணி. தம்பி திரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. அண்ணன் சிரிக்க முயன்றபடி, "கொற சொன்னா டீ போடணும்மா" என்றார்.

எனக்குக் கோபம் உச்சிக்கு ஏறியது. அதைவிட, அவர் முகத்தைப் பார்க்கப் பாவமாக இருந்தது. போய் டீ போட்டேன்.

வைகாசித் திருவிழாவில் ஊரே திரண்டது. செயலி முதல் நாள் காலையிலேயே படுத்துவிட்டது. போனில் ஏற்றியவர்கள் திட்டி எழுதிவிட்டு அழித்தார்கள். ஆடி பிறப்பதற்குள் மாடியைக் காலி செய்தோம். தம்பி ஸ்ரீபெரும்புதூரில் வேலைக்குப் போய்விட்டான். அண்ணன் மஸ்கட்டுக்குப் போனார்.

எனக்கு இன்றுவரை ஆறவில்லை. நிறத்தைச் செய்திருந்தாலும் தோற்றிருக்கலாம்தான். ஆனால் சண்டை போட்டு, நாங்களே பொறுக்கி எடுத்துத் தோற்றிருப்போம்.

போன மாதம் அண்ணியைப் பார்க்கப் போனேன். அவர் உள்ளே காபி கலந்துகொண்டிருந்தார். கூடத்தில் மகள் அப்பாவோடு வீடியோவில் பேசி முடித்திருந்தாள். என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, உள்ளே கேட்காதபடி மெதுவாகக் கேட்டாள்.

"அத்த, நான் அந்த இன்னொரு பொட்டலத்த எடுத்திருந்தா அப்பா இங்கயே இருந்திருப்பாரு இல்ல?"

அப்படியெல்லாம் இல்லை கண்ணு, அதை நாங்கள் பெரியவர்கள்தான் முடிவு செய்திருக்க வேண்டும், உன் மேல் ஒரு தப்பும் இல்லை என்று என்னென்னவோ சொன்னேன். தலையாட்டிக் கேட்டுக்கொண்டாள். பிறகு சொன்னாள்:

"மொதல்ல அதத்தான் தொட்டேன் அத்த. அப்புறந்தான் மாத்திட்டேன்."