இரண்டாவது படம்

அன்றைக்குச் சென்னை ஆஸ்பத்திரியில் அம்மா இருந்தாள், மடியில் அக்காவின் நாற்பது நாள் குழந்தையோடு. அக்கா வீட்டுக்காரரான மாமா இருந்தார். நான் இருந்தேன். அப்பா இல்லை, எங்கள் ஊரான காஞ்சிபுரத்தில் பட்டு முதலாளியிடம் முன்பணம் கேட்கப் போயிருந்தார். அக்கா கதவுக்கு அந்தப் பக்கம், பரிசோதனை மேசைமேல் விழித்தபடி படுத்திருந்தாள்.

முப்பத்தொரு வயதில் மாரடைப்பு. ஆஞ்சியோ எடுத்த டாக்டர் வெளியே வந்து என்னிடம்தான் பேசினார். ஏனாத்தூரில் கல்லூரிக்குப் போகிறவன், எங்கள் வீட்டில் முதலில் படித்தவன் நான்.

"ரத்தக்குழாய் ஒரு இடத்துல நீளமா சுருங்கியிருக்கு. கொழுப்பு அடைப்புன்னா ஸ்டென்ட் வச்சுக் குழாயை விரிச்சிடலாம், ஆனா அது மாதிரி தெரியலை. மெல்லிய கம்பியில சின்னக் கருவியை உள்ளே விட்டு, அங்கேயிருந்தே படம் பார்த்தா தெளிவாயிடும். தனியா நாற்பதாயிரம் ஆகும்."

மாமாவிடம் சொன்னேன். அவர் தறி நெய்பவர். எங்கள் ஊரில் முடித்த சேலையை முதலாளி ஒரு தடவை பார்த்தால் கூலி கொடுப்பார். விளக்கடியில் மறுபடி விரித்தால் ஏதாவது குறை சொல்லிக் கூலியில் பிடிப்பார்.

"ரெண்டாவது தபா பாக்குறேன்னா துட்ட புடுங்கத்தான்பா. நீ படிச்சவன், இன்னா சொல்ற?"

"அதான் ஒரு படம் எடுத்தாச்சே, மாமா."

"அத அவராண்ட சொல்லு."

"பாத்து சொல்லுப்பா," என்றாள் அம்மா. "கொழந்த பாலுக்கு அழுதுக்கினு இருக்குது."

வேண்டாம், ஸ்டென்ட் வைத்துவிடுங்கள் என்று டாக்டரிடம் இங்கிலீஷில் சொன்னேன். தடுமாறாமல் பேசியதில் கொஞ்சம் பெருமைகூட. அவர் தயங்கிவிட்டு உள்ளே போனார்.

ஸ்டென்ட் வைத்ததும் அக்காவுக்கு வலி கூடியது. அதன்பிறகு யாரையும் கேட்காமல் அவரே அந்தக் கருவியை உள்ளே விட்டுப் பார்த்திருக்கிறார். பிறகு என்னைக் கூப்பிட்டுத் திரையில் காட்டினார். சாம்பல் நிறத்தில் ஒரு வட்டம். கொழுப்பு அடைப்பே இல்லை. குழாயின் உட்சுவர் தானாகக் கிழிந்து, இரண்டு அடுக்குக்கு நடுவே ரத்தம் கட்டியிருந்தது. பிள்ளை பெற்றவர்களுக்கு அபூர்வமாக வருமாம். ஸ்டென்ட் அழுத்தியதில் அந்த ரத்தம் கீழே நகர்ந்து, கிழிசல் நீண்டுவிட்டது.

"முன்னாடியே பார்த்திருந்தா, சார்?"

"மருந்து கொடுத்துக் காத்திருந்திருக்கலாம். பெரும்பாலும் தானா ஆறிடும். நானும் வற்புறுத்தியிருக்கணும்."

மேலும் இரண்டு ஸ்டென்ட் வைத்தார்கள். அக்கா பிழைத்தாள். ஆனால் இதயத்தில் ஒரு பகுதி செத்துவிட்டது. குடத்தைத் தூக்கினாலே மூச்சு வாங்குகிறது. வேண்டாமென்று சொன்னது நான்தான் என்பதை மாமா இன்றுவரை அவளிடம் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை.

வீட்டுக்குக் கிளம்பும் நாளில் பில்லைப் படித்துச் சொல்லும் வேலையும் எனக்கே வந்தது. நாற்பதாயிரம் வேண்டாமென்ற வாயாலேயே படித்தேன்: மூன்று லட்சத்து எழுபத்திரண்டாயிரம்.