பன்னிரண்டு அறைகளும் மக்டலினின் முதுகும்

பாசிக்குடாக் கடற்கரை ஹோட்டல் ஒன்றில் பதினொரு வருடமாக அறைகளைத் துப்புரவு செய்துவந்த மக்டலினுக்கு, ஒரு வியாழக்கிழமை காலையில், விரிப்பை உதறிய கை அந்தரத்திலேயே நின்றுவிட்டது. வலது தோளில் பிடித்த பிடி கழுத்துக்கு ஏறி, நடுமுதுகுக்கு இறங்கியது. கூட வேலை செய்த, ஓட்டமாவடி ஊரைச் சேர்ந்த ஸகியா ஓடிவந்து அவளைக் கதிரையில் இருத்தினாள்.

“என்னக்கா செய்யிது?”

“கழுத்தத் திருப்ப ஏலாமக் கிடக்கு புள்ள. கொஞ்சத்தால சரியாகிடும்.”

சரியாகவில்லை. அது அன்று வந்த நோவுமல்ல. இரண்டு வருடமாகத் தைலத்தாலும் குளிசையாலும் அவள் ஒளித்து வைத்திருந்தது. ஒரு நாளைக்குப் பன்னிரண்டு அறை. ஒவ்வொரு மெத்தையையும் தனியாகத் தூக்கித்தான் விரிப்பின் ஓரத்தைச் செருகுவாள். அவள் விரித்த கட்டிலில் ஒரு சுருக்கம் காணமுடியாது. நோவு தெரியவந்தால் அறைகள் கைவிட்டுப் போகும் என்று பயந்தாள். பயந்தபடியே ஆயிற்று. பொறுப்பாளர் ஜசிந்தன் அவளைத் துவாய் மடிக்கும் அறைக்கு மாற்றினார்.

“உங்கட நல்லதுக்குத்தான் சொல்றன் அக்கா. கதிரையில இருந்து செய்யிற வேல.”

இருந்து செய்யும் வேலை நோவைக் கூட்டியது. நாள் முழுக்கக் குனிந்த தலை, சுருங்கிய தோள். மூன்றாம் கிழமை பொறுக்கமாட்டாமல் ஆஸ்பத்திரிக்குப் போனாள். அங்கே உடற்பயிற்சி சிகிச்சை செய்யும் சுலக்ஷனா அவளை நடக்கவிட்டுப் பார்த்தாள், குனியவிட்டுப் பார்த்தாள், தோளை அழுத்திப் பார்த்தாள்.

“எலும்புல பிழை ஒண்டும் இல்ல. தசைதான் இறுகிக் கிடக்கு. நோகும் எண்டு பயந்து நீங்களும் அத இறுக்கிப் புடிக்கிறீங்க. மெல்ல மெல்ல அசைச்சாத்தான் இளகும்.”

தோள்களை மெதுவாகப் பின்பக்கம் சுழற்றவேண்டும். மோவாயை உள்ளே இழுத்து ஐந்து எண்ணவேண்டும். கையும் முழங்காலும் ஊன்றி, பூனை சோம்பல் முறிப்பதுபோல முதுகை உயர்த்தி இறக்கவேண்டும். எல்லாம் ஐந்தைந்து தரம். இந்த விளையாட்டுக்கா லீவு போட்டுவிட்டு வந்தேன் என்றிருந்தது மக்டலினுக்கு.

வீட்டுக்குப் போய் ஐந்தை ஐம்பதாக்கினாள். மூன்றாம் நாள் பாயிலிருந்து எழும்ப முடியவில்லை. கோபத்தோடு திரும்பவும் ஆஸ்பத்திரிக்குப் போனாள்.

“எத்தின தரம் செஞ்சீங்க?”

“அம்பது.”

“நான் எத்தின சொன்னன்?”

மக்டலின் ஐந்து விரலையும் விரித்துக் காட்டினாள்.

“மெத்த தூக்கிற மாதிரி இதச் செய்யக்கூடா அக்கா. லேசா இழுக்கிற மாதிரி இருக்கலாம். நோவு வரமுதல் நிப்பாட்டிடணும். உங்களுக்குக் கடல் கிட்டத்தானே? வெள்ளன எழும்பி நெஞ்சளவு தண்ணிக்குள்ள நடங்க.”

பதினொரு வருடம் விருந்தினரின் யன்னல் வழியாக மட்டும் பார்த்த கடலுக்குள் அவள் முதன்முறையாக இறங்கினாள். பாசிக்குடாவில் தண்ணீர் லேசில் ஆழப்படாது. நெஞ்சளவு வருவதற்கே நெடுந்தூரம் நடக்கவேண்டியிருந்தது. தோணி தள்ளிக்கொண்டிருந்த வினாயகமூர்த்தி கரையிலிருந்து கத்தினார்.

“என்ன மக்டலின், வெள்ளக்காரிமாருக்குப் போட்டியா?”

“இது வைத்தியம் அண்ண! நீங்களும் வேணுமெண்டா வாங்க!”

தண்ணீர் உடலைத் தாங்கியது. தோள்கள் தாமாகத் தாழ்ந்தன. நடுமுதுகில் ஏதோ ஒரு முடிச்சு நூலளவு நெகிழ்ந்ததுபோல இருந்தது. அவளுக்கு அது போதும். கடலில் நடை, வீட்டில் ஐந்தைந்து தரம் என்று நாட்கள் போயின. சில நாள் நோவு திரும்பவும் வந்தது. அன்றைக்கு மூன்று தரத்தோடு நிறுத்திக்கொண்டாள்.

ஆறாம் கிழமை, வீதியோரம் நடந்துகொண்டிருந்தபோது பின்னால் பஸ் ஹோர்ன் அடித்தது. திரும்பிப் பார்த்தாள். பஸ் போனபிறகுதான் விளங்கியது, உடம்பைத் திருப்பாமல் கழுத்தை மட்டும் திருப்பியிருக்கிறாள்! இன்னொரு தரம் திருப்பினாள். வீதி என்றும் பாராமல் சிரித்தாள்.

அந்தச் சிரிப்பு அடங்கமுதலே ஜசிந்தனிடம் போனாள்.

“என்ட அறைகளத் திருப்பித் தாங்க சேர்.”

“திரும்பப் புடிச்சா என்ன செய்யிற அக்கா?”

“ஒருநாள் பாருங்க. பன்னிரண்டு அறை. ஏலாட்டி நானே துவாயோட இருக்கிறன்.”

சனிக்கிழமை பார்க்கலாம் என்றார் ஜசிந்தன். அன்று ஹோட்டலே காலியாகிப் புது ஆட்கள் வருகிற நாள். மக்டலின் முன்னைப்போல மெத்தையைத் தனியே தூக்கவில்லை. ஸகியாவை மறுபக்கம் நிறுத்தினாள். குனிந்து செருகாமல் முழங்காலில் நின்று செருகினாள். இரண்டு அறை முடியும்போதெல்லாம் சுவரில் முதுகைச் சாய்த்துத் தோளைச் சுழற்றினாள். எட்டிப் பார்த்த ஜசிந்தனுக்கு முகம் சுருங்கியது.

“என்னக்கா, வேல நேரத்தில நிக்கிறீங்க?”

“இதும் வேலதான் சேர்.”

நாலு மணிக்கு முடியவேண்டிய பன்னிரண்டாவது அறை மூன்றுக்கு முதலே முடிந்தது. ஜசிந்தன் ஒவ்வொரு கட்டிலாகப் பார்த்தார், விரிப்பின் மூலைகளை இழுத்தும் பார்த்தார். ஒன்றும் அசையவில்லை. மக்டலின் கழுத்தை நிமிர்த்தி நின்றாள்.

“திங்கள்ல இருந்து இந்த மாடி உங்கட பொறுப்பு,” என்றார். ஸகியா போட்ட கூச்சல் வரவேற்பறை வரைக்கும் கேட்டது.

இப்போது தினமும் வேலை தொடங்குவதற்குப் பத்து நிமிடம் முன்னால், விரிப்புகள் அடுக்கும் அறைக்குப் பின்னால் ஏழு பெண்கள் நிற்கிறார்கள். மக்டலின் எண்ணுகிறாள், ஐந்துக்குமேல் எண்ணுவதில்லை. போன கிழமை எட்டாவதாக ஒருவர் வந்து ஓரமாக நின்றார். நாள் முழுக்கக் கணினிக்கு முன்னால் இருக்கும் ஜசிந்தன்.

“எனக்கும் கழுத்துக்குள்ள ஒரு மாதிரி இறுக்கம் அக்கா,” என்றார், யாருடைய முகத்தையும் பார்க்காமல்.

“வாங்க சேர், முன்னுக்கு வாங்க,” என்றாள் மக்டலின். “தோளக் காதுவரைக்கும் தூக்காதீங்க. விடுங்க. ஆ, அப்பிடித்தான்!”