சம்மட்டி அடிக்காத ஸ்டாம்ப்

சம்மட்டியை எனக்கு ஆகவே ஆகாது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் அவருக்காக உருகுகிறேன் என்று யாரும் பின்னால் நினைத்துக்கொள்ளக் கூடாது.

எங்கள் தபால் ஆபீஸில் என் கவுண்ட்டருக்கு நேர் பின்னால் அவர் மேஜை. பெற்றவர்கள் வைத்த பேர் சம்பளப் பட்டியலில் இருந்தது. அதைச் சொல்லிக் கூப்பிடத்தான் ஆள் இல்லை. கடிதங்களில் ஒட்டியிருக்கும் ஸ்டாம்ப் மேல் சீல் அடிப்பது அவர் வேலை. மற்றவர்கள் அடித்தால் 'டக்' என்று கேட்கும். இவர் அடித்தால் என் மேஜைமேல் இருக்கும் தண்ணீர் டம்ளர் நகரும். சம்மட்டி என்ற பட்டப்பேர் அப்படி வந்ததுதான். காலை பத்து மணியிலிருந்து சாயங்காலம் ஐந்து வரை, பதினொரு வருஷம், அந்தச் சத்தத்தைக் கேட்டேன். எனக்கு வந்த தலைவலியில் பாதி அவர் கொடுத்தது.

சரி, சத்தத்தையாவது பொறுத்துக்கொள்ளலாம். என் மகளுக்கு டைபாய்டு வந்த வாரம் மூன்று நாள் இருபது நிமிஷம் தாமதமாக வந்தேன். நேரத்தைக் குறித்துவைத்து போஸ்ட்மாஸ்டரிடம் எழுதிக் கொடுத்தது இந்தப் புண்ணியவான்தான். ஏன் இப்படிச் செய்தீர்கள் என்று கேட்டேன். "லேட்டா வந்தது நெசம்தானே?" என்றார். அதோடு பேச்சை நிறுத்திவிட்டேன். நான்கு அடி தூரத்தில் உட்கார்ந்துகொண்டு ஒன்பது வருஷம் முகம் கொடுக்காமல் இருப்பது எவ்வளவு பெரிய வேலை என்று எங்கள் இரண்டு பேருக்குத்தான் தெரியும்.

மனுஷர்களோடு பேசமாட்டாரே தவிர, ஸ்டாம்போடு பேசுவார்.

எங்கள் மாநிலம் உருவாகி ஐம்பது வருஷம் ஆனதென்று எட்டு ஸ்டாம்ப் வெளியிட்டார்கள். கோட்டை, பாலம், அருவி, அணை, நடனமாடும் பெண், ஒரு பறவை, முதல் சட்டசபைக் கட்டடம், பஞ்சாலை. ஐம்பது வருஷத்தையும் துவைத்து இஸ்திரி போட்டு எட்டாக மடித்து வைத்த மாதிரி இருந்தது. பஞ்சம் கிடையாது, வெள்ளம் கிடையாது, அடிதடி கிடையாது. பார்த்தால் இப்படி ஒரு மாநிலத்தில் போய் வாழமாட்டோமா என்று நமக்கே ஏக்கம் வரும்.

சம்மட்டிக்கு ஒவ்வொரு படத்தோடும் ஒரு தகராறு. கோட்டையை அடிக்கும்போது, கல் சுமந்தவன் பேர் எந்த மூலையில் இருக்கிறது என்று கேட்பார். பாலம் வந்தால், திறந்த மூன்றாம் மாசமே அதில் ஒரு தூண் உட்கார்ந்துபோனதைச் சொல்வார். படத்தில் அந்தத் தூண் விறைப்பாக நின்றது. அணை வந்தால், தண்ணீருக்குள் போன ஏழு ஊர் பேரையும் கடிதத்துக்கு ஒன்றாகச் சொல்லிச் சொல்லி அடிப்பார். சட்டசபைக்கு மட்டும் பேச்சே கிடையாது, ஓங்கி ஒன்று. மாநிலத்தின் வரலாற்றை நான் பள்ளிக்கூடத்தில் படித்தது கொஞ்சம். வேண்டாவெறுப்பாக இப்படிக் காதில் வாங்கியதுதான் அதிகம்.

எட்டில் பஞ்சாலை ஸ்டாம்ப் மட்டும் ஒரு மாசம் தாமதமாக வந்தது. காலையில் நான் விற்றேன், பதினொன்றரைக்குப் பெட்டியிலிருந்து எடுத்த கடிதங்கள் அவர் மேஜைக்குப் போயின. திடீரென்று சத்தம் நின்றது. ஒன்பது வருஷத்தில் முதல் தடவையாகத் திரும்பிப் பார்த்தேன். ஒரு உறையைக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

பிறகு எழுந்துபோய் போஸ்ட்மாஸ்டரிடம் சொன்னார். அறைக்குக் கதவு கிடையாது, அதனால் எல்லாம் கேட்டது. நூற்கும் இயந்திரத்துக்கு முன்னால் மூன்று பெண்கள் நிற்கிற பழைய போட்டோவைத்தான் ஸ்டாம்பாக அடித்திருந்தார்கள். நடுவில் நிற்பவள் இவருடைய அக்கா. ஆலைக்காரர்கள் தங்கள் காலண்டருக்காக எடுத்த படம். எடுத்து எட்டு மாசத்தில் ஆலை தீப்பிடித்தது. வேலை நேரத்தில் யாரும் நழுவக் கூடாது என்று வெளியே பூட்டு போட்டிருந்தார்கள். பதினான்கு பெண்கள் செத்துப்போனார்கள். அக்காவுக்குப் பத்தொன்பது வயசு, இவருக்குப் பதினொன்று. ஸ்டாம்பின் கீழே 'தொழில் வளம்' என்று போட்டிருந்தது.

வீட்டில் அவள் படம் ஒன்றுகூட இல்லையாம். தந்தி கொண்டுபோகும் ஆளாக இவர் வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து, அம்மாவும் இவரும் சைக்கிள் கடைக்கு மேல் ஒற்றை அறையில் இருந்தார்கள். கல்யாணம் கிடையாது, வீட்டுக்கு யாரும் வந்துபோவது கிடையாது. அக்கா சிரித்தால் எந்தக் கன்னத்தில் குழி விழும் என்பதில் இரண்டு பேருக்கும் கடைசிவரை சண்டை. அம்மா இடது என்பாள், இவர் வலது என்பார். இப்போது ஸ்டாம்பைப் பார்த்தால் இடது. அம்மா போய் ஆறு வருஷம் ஆகிவிட்டது.

போஸ்ட்மாஸ்டர் கெட்டவர் இல்லை, பயந்தவர். "ஒண்ணு வாங்கி வீட்டுல பத்திரமா வெச்சுக்கங்க. மத்ததை அடிச்சுடுங்க" என்றார்.

"வீட்டுல இருக்கறது எங்க அக்கா, இங்க வர்றது வேற யாரோவா சார்?"

வேறு மேஜை கேட்டார், மாற்ற ஆள் இல்லை. ஸ்டாம்ப் மேல் சீல் நன்றாக விழ வேண்டும் என்பது விதி. திரும்பி வந்து உட்கார்ந்தார்.

அன்றிலிருந்து ஒரு வழி கண்டுபிடித்தார். மற்ற ஏழுக்கும் பழைய இடி. பஞ்சாலை வந்தால், சீலைக் கொண்டுபோய் ஓரத்தில் பல்பல்லாக இருக்குமே, அங்கே ஒற்றி எடுப்பார். ஸ்டாம்பில் பட்டதா இல்லையா என்று தெரியாது. என் டம்ளர் அசையவில்லை. நான் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். எனக்கு வந்ததோ எரிச்சல். இந்த மனுஷனுக்கு மெதுவாக அடிக்கத் தெரியும்! இத்தனை வருஷமும் தெரிந்தேதான் என் தலையில் அடித்திருக்கிறார்.

சீல் படாத ஸ்டாம்ப் என்றால் ஊர் சும்மா இருக்குமா? பஞ்சாலை ஸ்டாம்ப் சுத்தமாகப் போய்ச் சேருகிறது என்ற செய்தி பரவியது. வாரம் நூறு பேருக்குத் தபாலில் பாடம் அனுப்பி, விடைத்தாளோடு அந்த உறையையும் திரும்ப வாங்கிக்கொள்கிற டுடோரியல்காரர் கவுண்ட்டருக்கு வந்து பஞ்சாலை மட்டும் கேட்டு வாங்கினார். கொஞ்ச நாளில் வாங்குவதையும் நிறுத்தினார், ஆனால் பஞ்சாலை ஒட்டிய அவர் கடிதங்கள் வந்துகொண்டே இருந்தன. ஒரு உறையைத் தடவிப் பார்த்தேன். தண்ணீரில் ஊறவைத்து உரித்து, காயவைத்து, பசை தடவி மறுபடி ஒட்டிய ஸ்டாம்ப்.

புகார் எழுதினேன். யார் முகம் அது என்று தெரிந்தே எழுதினேன், தெரியாது என்று பொய் சொல்லப்போவதில்லை. அவர் அன்றைக்குக் கேட்ட "நெசம்தானே?" ஒன்பது வருஷமாக என் நெஞ்சை அறுத்துக்கொண்டிருந்தது. நான் எழுதியதும் நிஜம்தானே? போஸ்ட்மாஸ்டரைத் தாண்டி நேரே மேலிடத்துக்கு அனுப்பினேன். அன்று மத்தியானம் நன்றாகச் சாப்பிட்டேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

வியாழக்கிழமை இன்ஸ்பெக்டர் வந்தார். புறப்படத் தயாராக இருந்த தபால் பையை அவிழ்த்து சம்மட்டியின் மேஜையில் கொட்டச் சொன்னார். பஞ்சாலை ஒட்டிய கடிதங்களைத் தனியாக எடுத்து எண்ணினார். அறுபத்திரண்டு.

"இப்ப என் கண்ணு முன்னாடி அடிங்க. முகத்துல விழணும்" என்றார்.

"வேற எதைச் சொன்னாலும் அடிக்கறேன் சார். இது எங்க அக்கா" என்றார் சம்மட்டி.

"யாரா இருந்தா என்னங்க. ஒட்டிட்டா அது ஸ்டாம்ப்."

அடிக்காவிட்டால் அந்த இடத்திலேயே சஸ்பெண்ட் என்று சொன்னார். சம்மட்டி ஓய்வு பெற ஒன்றரை வருஷம் இருந்தது. போஸ்ட்மாஸ்டர், அடிச்சுடுங்க, அடிச்சுடுங்க என்று முணுமுணுத்தார். சம்மட்டி சீலை மைப்பெட்டிக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு, துணியில் கை துடைத்துக்கொண்டு, ஒதுங்கி நின்றார். இன்ஸ்பெக்டர் தாளை எடுத்து உத்தரவை எழுதினார், கையெழுத்துப் போட்டார், மூடியைத் திருகி பேனாவைச் சட்டைப் பையில் செருகினார்.

"இந்தத் தபால் மூணு மணி வண்டிக்குப் போகணும். புகார் எழுதினது நீங்கதானேம்மா? வாங்க, நீங்க அடிங்க" என்றார் என்னைப் பார்த்து.

சம்மட்டிக்கு அப்போதுதான் தெரிந்தது. என்னைப் பார்த்தார். கேவலமாக ஏதாவது சொல்வார் என்று காத்திருந்தேன். சொல்லியிருந்தால் எனக்கு வசதியாக இருந்திருக்கும்.

அவர் நாற்காலியில் உட்கார்ந்தேன். சீல் நான் நினைத்ததைவிடக் கனம். முதல் கடிதத்தை இழுத்தேன். தினமும் நூற்றுக்கணக்கில் கிழித்து விற்ற ஸ்டாம்ப்தான். அந்த முகத்தை நான் பார்த்ததே இல்லை. சுண்டுவிரல் நகத்தில் பாதிகூட இருக்காது. மற்ற இரண்டு பேரும் கேமராவைப் பார்த்து விறைத்து நிற்கிறார்கள். இவள், பக்கத்தில் நிற்பவள் என்னவோ சொன்னதற்குச் சிரிப்பை அடக்க முடியாமல் நிற்கிறாள். இடது கன்னத்தில் குழி.

மெதுவாக வைத்து எடுத்தேன். மை இழுபட்டு அவள் தாடையில் அப்பிக்கொண்டது.

"தேதி விழலை. மேலயே இன்னொண்ணு போடுங்க" என்றார் இன்ஸ்பெக்டர்.

போட்டேன். இந்தத் தடவை கண்ணில் விழுந்தது. அடுத்த கடிதத்தை எடுத்தேன். சம்மட்டி நான்கு அடி நடந்து வந்து பக்கத்தில் நின்றார். ஒன்பது வருஷத்துக்குப் பிறகு என்னிடம் பேசினார்.

"மெதுவா அடிக்காதீங்கம்மா. மெதுவா அடிச்சா ரெண்டு தடவை அடிக்க வேண்டி வருது. ஓங்கி ஒரே அடியா அடிச்சுடுங்க."

அறுபத்தோரு கடிதம் மிச்சம் இருந்தது. அவர் சொன்னபடியே அடித்தேன்.