பொய்ப் பெயரில் ஒரு சந்தேகம்

முதலாமாண்டு மருத்துவ மாணவர்களுக்கு உடலியங்கியல் எடுப்பது என் வேலை. இந்த வருஷம் வகுப்பில் எல்லாத் தலைகளும் குனிந்தே இருந்தன. அட்டெண்டன்ஸுக்காக வந்து உட்கார்ந்து, மடியில் போனை வைத்துக்கொண்டு, வெளிநாட்டுப் பேராசிரியர் ஒருவரின் இலவச இணைய வகுப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அதே பாடம்தான். என்னிடம் இல்லாதது அந்த மனிதரிடம் அப்படி என்ன இருக்கிறது? அந்தக் கேள்வி என்னை நிம்மதியாகச் சாப்பிடக்கூட விடவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, பெங்களூர் அல்சூரில் எங்கள் வீட்டில் இருந்தபடியே, வேறு பெயர் கொடுத்து நானும் அதில் சேர்ந்துவிட்டேன். கணவர் எட்டிப் பார்த்தார்.

"பாடம் எடுக்கறவளே போய் பெஞ்சுல உக்காந்தா எப்படி?"

எனக்கு எரிச்சல்தான் வந்தது.

வகுப்பு சுமார்தான். சத்தியமாக, என்னைவிட ஒன்றும் பிரமாதமில்லை. அது இன்னும் எரிச்சலாக இருந்தது. சேர்ந்தவர்கள் சந்தேகம் கேட்டு ஒருவருக்கொருவர் பதில் எழுதும் பக்கம் ஒன்று அதில் உண்டு. அங்கே எதுவும் தெரியாதவள் போல ஒரு கேள்வி போட்டேன்: மூச்சை வெளியே விட்ட பிறகும் நுரையீரல் ஏன் முழுக்கச் சுருங்கிவிடுவதில்லை?

மறுநாள் மெட்ரோவில் பதிலைப் பார்த்தேன். இரண்டு பேர் போர்வையை மடிக்க ஆளுக்கொரு பக்கம் இழுப்பது போல, நுரையீரல் உள்ளே சுருங்கப் பார்க்கிறது, மார்புக்கூடு வெளியே இழுக்கிறது என்று பொறுமையாக எழுதியிருந்தது. எழுதிய பிள்ளையும் ஊர் பெங்களூர் என்றுதான் போட்டிருந்தது. பெயர் இல்லை, ஒரு பூனைப் படம் மட்டும். கடைசியில் இப்படி: "கேட்கக் கூச்சப்படாதீர்கள். எங்கள் காலேஜில் இதைக் கேட்டால், 'பி.யூ.சி. பசங்களுக்கே தெரியுமே' என்பார் மேடம். அதனால்தான் நாங்கள் எல்லோரும் இங்கே வந்து கேட்கிறோம்."

அது என் வசனம். தமாஷாகத்தான் சொல்வேன், எல்லோரும் சிரிப்பார்கள். இறங்க வேண்டிய ஸ்டேஷனைத் தாண்டிப் போய்விட்டேன்.

வகுப்பில் ஒவ்வொரு முகமாகப் பார்த்தேன். யார் என்று பிடிபடவில்லை. குரலைத் தணித்து, சந்தேகம் இருந்தால் கேளுங்கள் என்றேன். யாரும் நிமிரவில்லை. ஒருத்தராவது கேட்க மாட்டார்களா என்று மேஜையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அழுகை வந்துவிடும் போலிருந்தது.

ஸ்டாஃப் ரூமில் உட்கார முடியவில்லை. காரிடாரில் நடந்தபடியே இன்னொரு சந்தேகம் போட்டேன், விடை நன்றாகவே தெரிந்த ஒன்று. அடுத்த மணி அடிப்பதற்குள் அந்தப் பிள்ளையின் பதில் வந்துவிட்டது. முதல் வரி, "ரொம்ப நல்ல கேள்வி."

நான் இதுவரை எந்தப் பிள்ளையிடமும் அப்படிச் சொன்னதில்லை.